சர்க்கரையின் இடத்தில் மணம்: வாசனைத் தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைத்தல்

தமக்கு நீரிழிவு இருப்பதாக அறிந்தவர்கள் எங்களிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, “இனி டீ குடிக்கலாமா?” என்பதாகும். விடை எளிது. தேநீரை நிறுத்த வேண்டியதில்லை. அதில் கரையும் சர்க்கரையைத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் இவ்விடையைப் பெற்று வீடு திரும்புவோரில் பலர், சில நாள்கள் சர்க்கரையில்லாத பால் தேநீரை மருந்துபோல் விழுங்கிவிட்டுப் பழைய அளவுக்கே மீண்டுவிடுகின்றனர். இதற்கு மனவுறுதிக் குறைவைக் காரணமாகக் கூறுவது சரியன்று. நாம் அன்றாடம் பருகும் தேநீர், பாலும் சர்க்கரையும் சேரும் என்ற கணக்கிலேயே கடுமையாகக் கொதிக்க வைக்கப்படுகிறது. அதிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டால் கசப்பும் துவர்ப்புமே மேலோங்கி நிற்கும்.

எனவே, சர்க்கரை விலகும் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். அதற்குப் பொருத்தமானது மணம். ஏலம், மல்லிகை, நாரத்தை இனப் பழத்தோல் போன்றவற்றின் மணம் ஏறிய இலைத் தேயிலைகள் இப்போது பல ஊர்களிலும் கிடைக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைத்து, நமக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதையும், யார் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

சர்க்கரைக் கணக்கு

தலை தட்டி எடுத்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஒரு தம்ளருக்கு 2 தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு 4 தம்ளர் தேநீர் பருகுபவர், தேநீர் வழியாக மட்டுமே 32 கிராம் சர்க்கரையை உட்கொள்கிறார். உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒருவருக்குத் தேவைப்படும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது மேலும் நன்று என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இவை முறையே ஏறத்தாழ 50 கிராம், 25 கிராம் ஆகும். உணவு மேசைக்கு வருமுன்னரே, தேநீர் மட்டும் இரண்டாவது வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இவை பொதுமக்களுக்கான வரம்புகள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கலந்த பானங்கள் குருதிச் சர்க்கரையை விரைவாக உயர்த்துவதால், அவர்கள் இன்னும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் ஆகியவையும் சர்க்கரையே. பெயர் மாறுவதால் பயன் மாறுவதில்லை. பாலிலும் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் பால்சர்க்கரை உண்டு. அது விலக்க வேண்டியதன்று. ஆனால் அன்றாட உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டியது.

சுவையை அறிவது நாவு மட்டுமன்று

ஓர் ஏலக்காயை எடுத்து, மூக்கை விரல்களால் அழுத்தி மூடிக்கொண்டு மென்று பாருங்கள். மெல்லிய கசப்பும் ஒருவகைக் குளிர்ச்சியும் தவிர வேறொன்றும் தெரியாது. விரல்களை எடுத்த மறுகணமே ஏலத்தின் சுவை வாய் நிறையப் பரவும். ஏலத்தின் சுவை என்று நாம் கருதியதில் பெரும்பகுதி, வாயின் பின்புறமாக மூக்கை எட்டும் மணமே என்பது அப்போது விளங்கும். நாவிலுள்ள சுவை அரும்புகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றையும், இறைச்சிச் சாறு போன்றவற்றில் உள்ள உமாமி என்னும் சுவையையும் மட்டுமே அறிகின்றன. தேநீரை மல்லிகைத் தேநீர், இஞ்சித் தேநீர் எனப் பிரித்தறிவதில் மூக்கின் பங்கே பெரிது.

அறுசுவையுள் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பு, உடலியல் நோக்கில் பெரிதும் தொடுவுணர்ச்சியைச் சார்ந்தது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரில் உள்ள வழவழப்பான புரதங்களோடு பிணைந்துவிடுவதால் நாவும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுபடுவதுபோல் தோன்றுகிறது. பால் சேர்த்தால், பாற்புரதங்கள் அத்துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கின்றன, துவர்ப்பு அடங்குகிறது. அதோடு மென்மையான மணங்களும் அடங்கிவிடுகின்றன. மல்லிகைத் தேநீரில் பால் ஊற்றுவது பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

நமக்கு இங்கே மிகவும் பயன்படும் செய்தி மற்றொன்று. சில மணங்களை மூளை இனிப்போடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. பாயசத்திலும் கேசரியிலும் ஏலத்தோடு பழகிய நமக்கு, ஏலத்தின் மணமே இனிப்பை நினைவூட்டும். வெனிலா போன்ற மணங்களை முகர்ந்துகொண்டே பருகும்போது, அதே பானம் கூடுதல் இனிப்பாகத் தோன்றுவது ஆய்வுகளில் அறியப்பட்ட உண்மை. மணம் சர்க்கரையாக மாறுவதில்லை. ஆனால் சர்க்கரையின் இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது.

தூளும் இலையும்

கருந்தேயிலை, பச்சைத் தேயிலை ஆகிய அனைத்தும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகளே. பறித்த இலையை உடனே சூடாக்கினால் அது பச்சைத் தேயிலையாக நிற்கிறது. வாடவிட்டு, கசக்கி, காற்றுப்படக் கறுக்கவிட்டால் கருந்தேயிலை ஆகிறது.

கருந்தேயிலையை ஆக்குவதில் இருமுறைகள் உள்ளன. இலையை நசுக்கி, கிழித்து, குறுமணிகளாகச் சுருட்டும் இயந்திர முறை சி.டி.சி. எனப்படும். இது 1930-களில் அஸ்ஸாமில் தொடங்கியது. நம் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் பயன்படுவது இதுவே. விரைவில் நிறமும் கடுமையும் இறங்கும், பாலைத் தாங்கும். இலையை உருட்டி முறுக்கி உலர்த்தும் பழைய முறை ஆர்த்தடாக்ஸ் எனப்படும். நீலகிரியிலும் இவ்வகைத் தேயிலை செய்யப்படுகிறது. இதன் வடிநீர் தெளிவானது, மணமுடையது, பால் இன்றியும் இதமாக இருப்பது. வாசனை ஏற்றுவதற்கு ஏற்றது இந்த இலைத் தேயிலைதான்.

மணம் ஏறும் மூன்று வழிகள்

முதலாவது, இலை மணத்தை உறிஞ்சும்படி செய்தல். சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள ஃபூசோ நகரம் மல்லிகைத் தேயிலைக்குப் பெயர்பெற்றது. பகலில் மொட்டாகப் பறிக்கும் மல்லிகை மாலையில் அவிழத் தொடங்கும்போது, அதனைத் தேயிலையோடு கலந்து இரவு முழுதும் வைக்கின்றனர். காலையில் மலர்களைச் சலித்து நீக்கி, தேயிலையை உலர்த்துகின்றனர். உயர்ந்த வகைகளுக்கு இதனைப் புதுமலர் கொண்டு பலமுறை செய்வர். உலக உணவு வேளாண்மை அமைப்பு இவ்வேளாண் மரபை 2014-ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கே பயன்படும் மல்லிகையும் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கடைவீதியில் வாங்கும் பூவைத் தேயிலை டப்பாவில் இட வேண்டாம். அது உண்பதற்கென வளர்க்கப்பட்டதன்று, பூச்சிமருந்து படிந்திருக்கலாம். ஈரத்தால் தேயிலையில் பூஞ்சையும் பிடிக்கும்.

இரண்டாவது, உலர்ந்த நறுமணப் பொருள்களைக் கலத்தல். ஏலம், சுக்கு, இலவங்கப்பட்டை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவை இவ்வாறு சேர்வன. காஷ்மீரத்தின் கஹ்வாவில் பச்சைத் தேயிலையோடு குங்குமப்பூவும் ஏலமும் பட்டையும் சேர்கின்றன.

மூன்றாவது, நறுமண எண்ணெயைத் தெளித்தல். எர்ல் கிரே எனப்படும் தேயிலை இவ்வகை. இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் பெரிதும் விளையும் பெர்கமோட் என்னும் நாரத்தை இனப் பழத்தின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் இதில் சேர்கிறது. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் தலைமை அமைச்சராக இருந்த கிரே பிரபுவின் பெயரால் இது வழங்குகிறது.

இம்மூன்றிலும் சேராத நான்காவது ஒன்றும் கடையில் அதே அடுக்கில் நிற்கும். வெந்நீரில் கரையும் எலுமிச்சைத் தேநீர்த் தூள் போன்றவை அவை. பொட்டலத்தின் பின்புறம் உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே முதலில் ‘சர்க்கரை’ என்றிருந்தால், அது தேநீர் வாசனையுள்ள சர்க்கரை என்றே கொள்ளுங்கள்.

வீட்டில் ஒப்பிட்டுச் சுவைக்கும் முறை

தேயிலைச் சுவைஞர்கள் ஒப்பிடுவதற்கென உலகத் தரநிலை ஒன்றே உள்ளது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, மூடியுள்ள வெண்பீங்கான் கலம், 6 நிமிடம் என்பது அதன் சாரம். பருகுவதற்குச் சிறந்த தேநீரைப் போடும் முறையன்று அது. எல்லாத் தேயிலைகளையும் ஒரே நிலையில் நிறுத்திக் குறைநிறைகளை அறியும் முறை. அதன் நெறியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

1. இணையாக எடுங்கள். வாசனைத் தேயிலையோடு, வாசனை சேர்க்காத அதே வகைத் தேயிலையும் இருக்க வேண்டும். ஒரு நாள் கருந்தேயிலையில் வெறும் நீலகிரி இலை, ஏலம் சேர்ந்தது, எர்ல் கிரே ஆகிய மூன்று போதும். மற்றொரு நாள் வெறும் பச்சைத் தேயிலையும் மல்லிகை ஏறிய பச்சைத் தேயிலையும் ஒப்பிடலாம். அடிப்படைச் சுவை தெரிந்தால்தான், சேர்ந்தது எது என்பது விளங்கும்.

2. ஒவ்வொன்றிலும் 2 கிராம் எடுத்து, 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். தேக்கரண்டியால் அளப்பது சரிவராது. பருத்த இலை ஒரு கரண்டிக்குக் குறைந்த எடையே நிற்கும். சிறிய சமையலறைத் தராசு இருந்தால் நல்லது.

3. கருந்தேயிலைக்குக் கொதித்த நீர், 4 நிமிடம். பச்சைத் தேயிலைக்குக் கொதித்தபின் சற்று ஆறிய, 80 டிகிரி செல்சியஸ் அளவிலான நீர், 2 அல்லது 3 நிமிடம். நேரம் ஆனதும் இலையை வடித்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பே எஞ்சும்.

4. பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். செயற்கை இனிப்பும் வேண்டாம்.

5. ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது. நாவு சுடும் சூட்டில் சுவையும் தெரியாது.

6. முதலில் முகருங்கள். பின் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, காற்றோடு சேர்த்து ஓசைபட உறிஞ்சுங்கள். விருந்தில் இது நாகரிகமன்று. சுவைஞர்களுக்கு இதுவே முறை. தேநீர் நுண்துளிகளாகச் சிதறி, மணம் மூக்கின் பின்புறத்தை எளிதில் எட்டுகிறது.

7. நான்கு வினாக்களுக்கு விடை எழுதுங்கள். மணம் எதை நினைவூட்டுகிறது? துவர்ப்பு நாவில் எங்கே, எவ்வளவு? கசப்பு உண்டா? விழுங்கிய ஒரு நிமிடத்துக்குப் பின் வாயில் எஞ்சுவது என்ன? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெந்நீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

இதனைக் குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து செய்யும்படி வேண்டுகிறோம். தம்ளர்களின் அடியில் அடையாளமிட்டு, இடம்மாற்றி வைத்து, எது எதுவென்று சொல்லச் செய்யலாம். நோயாளிக்கு மட்டும் தனியே ஒரு ‘சப்பைத் தேநீர்’ என்ற நிலை, அவரை நாள்தோறும் நான்கு முறை தம் நோயை எண்ண வைக்கிறது. வீட்டில் அனைவரும் தேர்ந்தெடுத்த ஒரே தேநீரை அவரும் பருகுவது அந்த நிலையை மாற்றும். மற்றவர்களின் சர்க்கரையும் குறையும் என்பது கூடுதல் நன்மை.

ஒருவர் மட்டும், எல்லாத் தேநீரும் வெறும் வெந்நீர்போல் இருப்பதாகக் கூறினால் அதனை விளையாட்டாக ஒதுக்கிவிட வேண்டாம். வைரஸ் தொற்றுக்குப் பின்போ, மூக்கு நோய்களாலோ, முதுமையாலோ முகரும் திறன் குறைந்திருக்கலாம். சிலருக்கு மெட்பார்மின் மாத்திரை வாயில் உலோகச் சுவையை உண்டாக்குவதும் உண்டு. அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள். முகரும் திறன் குறைந்தவர், அடுப்பில் கசியும் எரிவாயுவையும் கெட்டுப்போன உணவையும் அறியாமற் போகலாம். ஆகவே அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

செலவு குறைந்த வழியும் உண்டு. 100 கிராம் இலைத் தேயிலையில், ஒன்றிரண்டாகத் தட்டிய ஏழெட்டு ஏலக்காய்களைக் கலந்து, காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் மூடிவையுங்கள். தேயிலை அருகிலுள்ள மணத்தை ஈர்க்கும் இயல்புடையது. அதே காரணத்தால் பெருங்காய டப்பாவுக்கும் சாம்பார்ப் பொடிக்கும் அருகே அதனை வைக்கக் கூடாது.

படிப்படியாகக் குறைத்தல்

விருப்பமான ஒன்றைக் கண்டறிந்தபின், அதனை நாளில் ஒரு வேளைக்கு மட்டும், சர்க்கரையின்றிப் பருகத் தொடங்கலாம். மற்ற வேளைகளின் பால் தேநீரில் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் சர்க்கரையைக் குறைத்து வாருங்கள். இரண்டு தேக்கரண்டி போட்டவர் ஒரு மாதத்தில் சர்க்கரையே இல்லாத நிலையை எட்டிவிடலாம். பிரிட்டனில் தேநீரில் சர்க்கரை சேர்த்துப் பழகிய ஆண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு, 2019-இல் வெளிவந்தது. நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தவர்களுக்கும் ஒரேயடியாக விட்டவர்களுக்கும் தேநீரின்மீதுள்ள விருப்பம் குறையவில்லை என்பதே அதன் முடிவு. நாவு பழக்கத்தால் கற்றதைப் பழக்கத்தாலேயே மறக்கும்.

கவனம் வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரை பெறுபவர்கள், தேநீர்ச் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்குமுன் எங்களிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற நேரிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகிய தாழ்சர்க்கரை அறிகுறிகள் தோன்றும்போது சர்க்கரையில்லாத தேநீர் உதவாது. அவ்வேளையில் 3 அல்லது 4 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அதிமதுரம் சேர்ந்த கலவைகளை உயர் குருதியழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சர்க்கரை இல்லாமலே இனிக்கும் என்பதால் இது விரும்பி வாங்கப்படுகிறது. ஆனால் தொடர்ந்து பருகினால் குருதியழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கும்.

எர்ல் கிரேயும் அளவோடு இருக்கட்டும். நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை எர்ல் கிரே பருகிய 44 வயது ஆடவருக்குத் தசைப்பிடிப்புகள் உண்டானதையும், வெறும் கருந்தேநீருக்கு மாறியபின் அவை நீங்கியதையும் 2002-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது. ஒன்றிரண்டு கோப்பை பருகுவோர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

குருதிச்சோகை உள்ளவர்கள் உணவோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேநீர் பருகக் கூடாது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள், தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைப் பெரிதும் தடுக்கின்றன. ஒரு மணி நேரமேனும் இடைவெளி தேவை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் பருக வேண்டும். கருவுற்ற பெண்கள் நாளொன்றுக்குக் காபீன் 200 மில்லிகிராமுக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பைக் கருந்தேநீரில் பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். நீர் அளவு வரையறுக்கப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் சுவைக்கும் தேநீரையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றுக் குருதிப் பரிசோதனைக்கு வரும் காலையில் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

எந்த வாசனைத் தேநீரும் நீரிழிவைக் குணப்படுத்தாது. அவ்வாறு கூறும் விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். தேநீரால் கிடைக்கும் நன்மை, அதில் நாம் போடாமல் விட்ட சர்க்கரையின் நன்மையே. அது சிறிதன்று: முன்பு கூறிய 32 கிராம், ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரை ஆகும்.

நீங்கள் வாங்கிய தேயிலையின் உட்பொருள் பட்டியலில் ஐயம் இருந்தால், அடுத்த வருகையின்போது அப்பொட்டலத்தை உடன் கொண்டுவந்து உணவியல் ஆலோசகரிடம் காட்டுங்கள். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளோடு ஒப்பிட்டு, அது உங்களுக்கு ஏற்றதா என்பதைச் சொல்வோம்.